கண்ணகிக்குத் திறந்த வாயிலும் வைக்கத்தில் அடைத்த தெருவும்

ஆற்றுக்கால் பொங்கல் நாளில் நம் நகரத்துத் தெருக்கள் எல்லாம் அடுப்படியாக மாறுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். தம்பானூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியும், ரயில் நிலையத்துக்கு எதிரிலும், சந்துகளிலும் செங்கல்லை அடுக்கிப் பெண்கள் பொங்கலிடுகிறார்கள். 2009ஆம் ஆண்டில் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகத்தில் பதிவாயிற்று. திருவிழா நாள்களில் கோயிலில் பாடப்படும் தோற்றம்பாட்டு கண்ணகியின் கதைதான். பாண்டியன் வீழ்ந்த பகுதியைப் பாடி முடித்த பிறகே பண்டார அடுப்பில் தீ மூட்டுகிறார்கள். ஆகவே திருவனந்தபுரத்துத் தமிழருக்குக் கண்ணகி ஏட்டில் மட்டும் இருப்பவள் அல்லள். வீட்டுப் பெண்களின் கைப்பானையில் இருப்பவள்.

அதனால்தானோ என்னவோ, "அநியாயமான சட்டத்தை மீறலாமா?" என்ற கேள்வி எழும்போதெல்லாம் நம்மவர்கள் முதலில் கண்ணகியைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். பட்டிமன்ற மேடையிலும் அப்படியே. கடைத் திண்ணைப் பேச்சிலும் அப்படியே. என் கடைக்கு வரும் கல்லூரி மாணவர் ஒருவர், "கண்ணகி ஒரு நகரத்தையே எரித்தாளே ஐயா, நாங்கள் நாலு கண்ணாடியை உடைத்தால் அது மட்டும் குற்றமா?" என்று கேட்டார். பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் கல்லெறிக்குப் பயந்து ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து பழகிய வியாபாரிக்கு அது வெறும் விளையாட்டுக் கேள்வி அன்று. கேரள உயர் நீதிமன்றம் 1997இல் பந்த் நடத்துவது அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பெயர் மட்டும் ஹர்த்தால் என்று மாறியது. 2019 ஜனவரியில் ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் மீண்டும் சொல்ல வேண்டி வந்தது.

சிலப்பதிகாரத்தை நான் பாடம் கேட்டுப் படித்தவன் அல்லன். கடை அடைத்த பின் இரவில் உரை நூல்களை வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறிப் படித்தவன். அப்படிப் படித்தவரையில் எனக்குத் தோன்றுவது இது: அந்த மாணவர் கேட்ட அனுமதியைச் சிலம்பு யாருக்கும் கொடுக்கவில்லை. அதைவிடப் பெரிய ஒன்றைக் கொடுக்கிறது. ஒரு சட்டத்தை மீறுவதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியைக் கொடுக்கிறது. வாயில் திறந்திருக்கிறதா என்பதே அந்தக் கேள்வி.

சட்டம் வேறு, தீர்ப்பு வேறு

வழக்குரை காதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கணவனை இழந்த கண்ணகி ஒற்றைச் சிலம்போடு அரண்மனைக்கு வருகிறாள். வாயிற்காவலன் அவளைக் கண்டு நடுங்குகிறான். ஆனாலும் அரசனிடம் போய்ச் சொல்கிறான். அரசன் வரச் சொல்கிறான். முன்பின் தெரியாத ஒரு பெண், அன்று காலைவரை இடையர் சேரியில் ஒண்டியிருந்தவள், அரியணைக்கு நேரே நின்று அரசனைக் குற்றம் சாட்டுகிறாள். அவளை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் ஆகாது, அது அரச நீதி என்று பாண்டியன் விடை சொல்கிறான்.

இந்த இடத்தை நம் மேடைப் பேச்சாளர்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கண்ணகி அந்தச் சட்டத்தை மறுக்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கள்வனுக்குத் தண்டனை கூடாது என்று அவள் வாதாடவில்லை. தன் கணவன் கள்வன் அல்லன் என்பதே அவள் வழக்கு. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் அரசன். சிலம்பு கொண்டுவரப்படுகிறது, உடைக்கப்படுகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. சாட்சியத்தைக் கண்ட மாத்திரத்தில் அரசன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு உயிரை விடுகிறான். மேல்முறையீடு, வாய்தா, சமாதானம் ஒன்றும் இல்லை.

ஆகவே இது அநியாயமான சட்டத்தின் கதை அன்று. விசாரணை இல்லாமல் சொல்லப்பட்ட அநியாயமான தீர்ப்பின் கதை. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. தீர்ப்புப் பிழைத்தால் வாயிலில் போய் நிற்கலாம். சட்டமே பிழையாக இருந்து, அந்தச் சட்டமே வாயிலையும் அடைத்திருந்தால் எங்கே போய் நிற்பது? கண்ணகிக்கு அந்தச் சோதனை வரவில்லை.

எரிந்த மதுரை

அரசன் விழுந்தான், அரசியும் விழுந்தாள். வழக்கு முடிந்தது. அதன் பிறகுதான் தீ. இந்த வரிசையை மறந்துவிடக் கூடாது. நியாயம் கிடைக்காததால் மதுரை எரியவில்லை. நியாயம் கிடைத்த பிறகு எரிந்தது. பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுத் தீயவர் பக்கம் சேருமாறு அவள் தீக்குக் கட்டளையிட்டாள் என்று காப்பியம் கூறுகிறது. உண்மைதான். ஆனால் தீக்கு ஆள் பார்த்து எரிக்கத் தெரியுமா என்ற கேள்வி வாசகனுக்கு எழத்தான் செய்யும்.

இளங்கோவடிகளுக்கும் அது எழுந்திருக்கிறது என்பது என் துணிபு. இல்லாவிட்டால் தீ எரியும்போதே மதுராபதித் தெய்வத்தை ஏன் கொண்டுவந்து நிறுத்துகிறார்? அத்தெய்வம் கண்ணகியின் பின்னால் வந்து, பாண்டியர் செங்கோல் அதுவரை வளைந்ததில்லை என்று எடுத்துச் சொல்கிறது. அதற்குச் சான்றாக வார்த்திகன் கதையையும் சொல்கிறது. வார்த்திகன் என்ற அந்தணன் மேல் பொய்யாகத் திருட்டுக் குற்றம் சாட்டிச் சிறையில் வைத்துவிடுகிறார்கள். அவன் மனைவி அழுது புரள்கிறாள். உடனே ஐயை கோயிலின் கதவு தானாக அடைத்துக்கொள்கிறது, திறக்க முடியவில்லை. அரசன் என்ன பிழை நேர்ந்தது என்று விசாரித்து, உண்மை அறிந்து, வார்த்திகனை விடுவித்து, ஊர்களைக் கொடுத்து, பொறுத்தருளுமாறு வேண்டுகிறான். அதன் பிறகு கோயில் கதவு திறக்கிறது. குற்றமற்ற ஒருவன் சிறையில் இருக்கும்வரை தெய்வம் தன் வாயிலைத் தானே அடைத்துக்கொள்ளும் என்பது எவ்வளவு பெரிய கருத்து! இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வைக்கத்துக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. தீயோடு கோபம் அடங்கியதா? இல்லை. மழை பொய்த்துப் பஞ்சமும் நோயும் வர, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினிக்குப் பலியிட்டான் என்று உரைபெறு கட்டுரை கூறுகிறது. ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சனைக்கு ஆயிரம் பொற்கொல்லர்! அவர்கள் எந்தச் சிலம்பைத் திருடினார்கள்? விழா மேடைகளில் இந்தச் செய்தியை யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும். ஒரு சாதியை, ஒரு மொழிக்காரரை, ஒரு தொழில்காரரை மொத்தமாகக் குற்றவாளி ஆக்கும் கோபம் எங்கே போய் முடியும் என்பதற்குச் சிலம்பே சாட்சி. வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இது சட்டென்று விளங்க வேண்டிய பாடம்.

அதே அநீதியைக் கேட்ட இன்னொருவர் கவுந்தியடிகள். கோவலனையும் கண்ணகியையும் மதுரைவரை அழைத்து வந்த சமண மூதாட்டி அவர். செய்தி கேட்டு உண்ணா நோன்பிருந்து உயிர்விட்டார். அவர் துயரத்தால் ஒரு ஓலைக்குடிசைகூடக் கருகவில்லை. இளங்கோவடிகள் சமணர் என்பது அறிஞர் பலர் கருத்து, நானும் சமணன், அதனால் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கவுந்தியடிகளின் நோன்பாலும் யாருக்கும் நியாயம் கிடைத்துவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அநீதியை எரிப்பதும் தீர்வாகவில்லை. அதைக் கண்டு ஒதுங்கி உயிர் விடுவதும் தீர்வாகவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வேண்டும். அந்த வழி நம் திருவிதாங்கூர் மண்ணில் திறந்தது.

வாயிலே இல்லாதவர்கள்

தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் பெண்கள் தோளை மறைத்துச் சீலை அணியக் கூடாது என்று இருந்தது. 1829இல் அரசே பிரகடனம் செய்து தடுத்தது. பெண்கள் கேட்கவில்லை, அணிந்தார்கள். சந்தையில் சீலை கிழிக்கப்பட்டது, அடி விழுந்தது, வீடுகளும் எரிந்தன. 1859 ஜூலையில்தான் உத்தரம் திருநாள் மகாராஜா மேலாடை அணிய அனுமதித்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற வாலோடுதான். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய பல குடும்பங்களுக்கு இது பாட்டியின் பாட்டி காலத்துக் கதை.

இந்தப் பெண்களைக் கண்ணகியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணகி வாயிலில் நின்று கூப்பிட்டாள். அரசன் வரச் சொன்னான். இவர்கள் எந்த வாயிலில் போய் நிற்பது? அதிகாரி முன்னால் போய் நிற்கவே மேலாடையைக் களைய வேண்டும் என்றால், மேலாடைக்காக எப்படி மனுக் கொடுப்பது? இப்படிப்பட்ட சட்டத்தைத்தான் நான் அநியாயமான சட்டம் என்பேன். நமக்குப் பிடிக்காத சட்டம் எல்லாம் அநியாயமான சட்டம் ஆகிவிடாது. விற்பனை வரி எனக்கும்தான் பிடிப்பதில்லை. தன்னைப் பற்றி முறையிடும் வழியையும் சேர்த்து அடைக்கிற சட்டமே அநியாயமான சட்டம்.

இதே நகரத்துக்குத் தெற்கே வெங்கானூரில் பிறந்த அய்யன்காளி, 1893இல் வில்வண்டி கட்டிப் பொதுச் சாலையில் ஓட்டினார். புலையர் அந்தச் சாலையில் நடப்பதற்கே தடை. அவர் வண்டியில் போனார். இன்று வெள்ளயம்பலம் சந்திப்பில் அவர் சிலையைச் சுற்றித்தான் நம் பேருந்துகள் திரும்புகின்றன.

அடுத்தது வைக்கம். மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவர், புலையர் முதலானோர் நடக்கக் கூடாது. தெரு பொதுத்தெரு. கிறித்தவரும் முஸ்லிம்களும் அதில் நடக்கலாம். தீண்டல் பலகைக்கு அப்பால் இவர்கள் மட்டும் போகக் கூடாது. வாயிலைத் தட்டாமல் எடுத்த எடுப்பில் மீறினார்களா? இல்லை. 1896இலேயே டாக்டர் பல்பு முன்னின்று 13,176 பேர் கையெழுத்திட்ட ஈழவர் மனு மகாராஜாவுக்குப் போயிருந்தது. அது கல்வியும் உத்தியோகமும் கேட்ட மனு. பலன் இல்லை. டி.கே. மாதவன் 1923இல் காக்கிநாடா காங்கிரசுவரை விஷயத்தைக் கொண்டுபோனார். அதன் பிறகே 1924 மார்ச் 30ஆம் நாள் சத்தியாகிரகம் தொடங்கியது.

தொடங்கிய விதம் கவனிக்கத் தக்கது. நாளைக்கு மூன்று பேர். முதல் நாள் ஒரு புலையர், ஒரு ஈழவர், ஒரு நாயர். ஒளிந்து போகவில்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பலகைவரை நடந்து போனார்கள். போலீசார் தடுத்தார்கள், கைது செய்தார்கள், மறுநாள் வேறு மூவர். தலைவர்கள் சிறைக்குப் போனபின் ஈரோட்டிலிருந்து பெரியார் ஈ.வெ.ரா. ஏப்ரலில் வந்தார். அப்போது அவர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். இருமுறை தண்டிக்கப்பட்டார், இரண்டாம் முறை கடுங்காவல், நம் திருவனந்தபுரம் மத்திய சிறையில். நாகம்மையார் முதலிய பெண்களும் களத்தில் நின்றார்கள். அந்த ஆண்டு பெருவெள்ளம் வந்தபோது தொண்டர்கள் தண்ணீருக்குள் நின்றபடி முறை மாறாமல் காத்தார்கள். ஒருவர் கண்ணில் சுண்ணாம்பைப் பூசினார்கள். பதிலுக்கு இவர்கள் யார் கண்ணிலும் பூசவில்லை.

மீறிக்கொண்டே வாயிலையும் தட்டினார்கள் என்பது இன்னொரு சிறப்பு. மன்னத்து பத்மநாபன் தலைமையில் மேல்சாதியினரே வைக்கத்திலிருந்து திருவனந்தபுரம்வரை நடந்து வந்து, 25,000க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவை மகாராணி சேதுலட்சுமி பாயிடம் கொடுத்தார்கள். 1925 பிப்ரவரியில் சட்டசபையில் தீர்மானம் வந்தது. ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஒரு ஓட்டில் தெரு அடைபட்டே கிடந்தது! காந்தியடிகள் மார்ச்சில் வந்து பேசினார். கடைசியில் நவம்பரில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. ஒரு பக்கம் திறக்கவில்லை. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12ஆம் நாள்தான் வந்தது.

இங்கே வார்த்திகன் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். காப்பியத்தில் நிரபராதிக்காகத் தெய்வம் தன் கதவை அடைத்துக்கொண்டது. வைக்கத்தில் தெய்வத்தின் பேரைச் சொல்லி நிரபராதிக்குத் தெருவை அடைத்தார்கள். எது அறம், எது அறத்தின் பேரால் நடந்த பிழை என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

சாவகர் நோன்பு காட்டும் அளவுகோல்

ஒரு சமண வியாபாரியிடம் சட்டத்தை மீறலாமா என்று கேட்டால் அவன் கூடாது என்றுதான் சொல்ல வேண்டும். காரணம் இருக்கிறது. இல்லறத்தாரான சாவகர்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களில் ஒன்று திருடாமை. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் அந்த நோன்புக்கு ஐந்து மாசுகளைச் சொல்கிறது. திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், எடை அளவில் ஏமாற்றுதல், கலப்படம் செய்தல் ஆகிய நான்கோடு, அரசின் சட்டத்துக்கு மாறாக நடப்பதும் அதில் ஒன்று. விருத்த ராஜ்யாதிக்கிரமம் என்று அதற்குப் பெயர்.

இதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கொல்லாமைக்குக் கீழே அன்று, பொய்யாமைக்குக் கீழே அன்று, திருடாமைக்குக் கீழே. கள்ள எடைக்கும் கலப்படத்துக்கும் பக்கத்தில். அப்படியானால் நூல் கண்டிப்பது லாபத்துக்காகச் சட்டத்தை மீறுவதை. பிறர் பொருளை நம் பக்கம் இழுத்துக்கொள்வதற்காக மீறுவதை. எனவே மீறியவன் யாருடைய பொருளையாவது எடுத்தானா என்ற கேள்வியே உண்மையான தராசு என்று நான் கொள்கிறேன்.

1930 ஏப்ரல் 30ஆம் நாள் ராஜாஜி வேதாரணியத்தில் உப்பு அள்ளினார். ஆறு மாதம் சிறை. உப்பைக் கடத்தி விற்றவனும் அதே உப்புச் சட்டத்தைத்தான் மீறினான். இருவரும் ஒன்றா? ஒருவர் அள்ளிய உப்பில் அவருக்கு ஒரு காசு லாபம் இல்லை, கிடைத்தது சிறைவாசம். மற்றவன் ராத்திரியில் முகத்தை மறைத்துப் போனான், கிடைத்தது பணம். தோள்சீலை அணிந்த பெண் யாருடைய துணியை எடுத்தாள்? வைக்கத்தில் நடந்தவன் நடந்து முடித்த பிறகும் தெரு தெருவாகத்தானே இருந்தது? ஆனால் என் கடைக் கண்ணாடியை உடைப்பவன் என் பொருளை எடுக்கிறான். அன்று கூலி இழக்கும் சுமை தூக்குபவருடைய ஒரு நாளை எடுக்கிறான். அவன் கோரிக்கை நியாயமாகவே இருக்கட்டும். அவன் கணக்கை அடுத்தவன் பேரில் எழுதுகிறான்.

அய்யன்காளியின் ஆட்கள் திருப்பி அடித்தார்களே, பாலராமபுரம் பக்கம் கைகலப்பு ஆயிற்றே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சமண நூலோர் இம்சையைப் பிரித்துப் பார்க்கிறார்கள். கொல்ல வேண்டும் என்று நினைத்தே செய்வது சங்கற்ப இம்சை. தாக்க வந்தவனைத் தடுக்கும்போது நேர்வது விரோதி இம்சை. முன்னது இல்லறத்தானுக்கும் விலக்கு. பின்னது துறவிக்கு விலக்கு, இல்லறத்தானுக்கு முழு விலக்கு இல்லை. வண்டியில் போனவரை மறித்து அடித்தால், அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும் என்று ஷட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மீற வேண்டியவர் யார்?

"வந்த இடத்தில் நமக்கேன் வம்பு" என்பது வெளி மாநிலத்துத் தமிழர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல். வியாபாரிகளாகிய நாங்கள் இதைச் சற்று அதிகமாகவே சொல்வோம். சட்டத்தை மீறுவது யாரோ போராட்டக்காரர் வேலை, நமக்கு அதில் பங்கில்லை என்று நினைக்கிறோம். ஆனால் சிலம்பின் கொலைக்களக் காதை அப்படி நம்மை விட்டுவிடாது.

காவலர் கோவலனிடம் போகிறார்கள். சிலம்பு அவனிடம் இருந்தால் கொன்று சிலம்பைக் கொண்டுவர வேண்டும் என்பது அரசன் ஆணை. அவன் முகத்தைப் பார்த்ததும் இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று அவர்களுக்கே தோன்றுகிறது, வாய்விட்டும் சொல்கிறார்கள். பொற்கொல்லன் சிரிக்கிறான். திருடர்களின் தந்திரங்களை நூல் படித்தவன் போல அடுக்குகிறான். காவலரில் ஒருவன், ஆணைப்படி செய்யாவிட்டால் அரசன் நம்மைத் தண்டிப்பானே என்று கலங்குகிறான். இப்படி அவர்கள் தயங்கி நிற்கும்போதே, குடிபோதையில் இருந்த கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். சந்தேகப்பட்டவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நம் பிள்ளைகள் அரசு அலுவலகத்திலும் வங்கியிலும் பள்ளியிலும் காவல் துறையிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வைக்கத்துத் தொண்டர் நின்ற இடத்தில் நிற்கப் போவதில்லை. இந்தக் காவலர் நின்ற இடத்தில் நிற்கும் நாள் எல்லோருக்கும் வரும். மேலே இருந்து ஒரு தாள் வரும், எதிரே ஒரு முகம் இருக்கும், இரண்டும் பொருந்தாது. அப்போது ஊரை எரிக்க வேண்டாம், கொடி பிடிக்கவும் வேண்டாம். அந்தக் காவலர்கள் பொற்கொல்லனை நம்பாமல், ஆணையை ஒரு நாழிகை நிறுத்தி வைத்து, கோவலனை உயிரோடு அரண்மனை வாயிலுக்கு அழைத்துப் போயிருக்கலாம். அதற்காக அவர்கள் சவுக்கடி பட்டிருக்கலாம். சிலம்பை உடைத்துப் பார்த்திருப்பார்கள், மாணிக்கம் தெறித்திருக்கும், மதுரை எரிந்திருக்காது.